பாலத்தின் நடுவில் ஒரு உடல்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, ‘தி பிரிட்ஜ்’ என்ற ஸ்வீடன்–டென்மார்க் தொடரைப் பாருங்கள் என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது, அந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை.

கோவையில் படிக்கும் என் மகள் சொல்லி முதல் எபிசோடு பார்த்தேன். பாலத்துக்கு நடுவில் ஒரு பிணம், இரண்டு நாட்டுப் போலீஸ், யார் யாரென்று பிடிபடுவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

ஸ்வீடனில் மால்மோ என்று ஒரு நகரம், கடலுக்கு அந்தக் கரையில் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். 2000-ல் இரண்டையும் சேர்த்து ஓரெசுண்ட் பாலத்தைத் திறந்தார்கள். பாலம் மட்டும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர், அப்புறம் இதற்காகவே கடலில் உண்டாக்கிய ஒரு தீவு, அதைத் தாண்டிக் கடலுக்கடியில் சுரங்கம், எல்லாம் சேர்த்தால் 16 கிலோமீட்டர். காலையில் இங்கே கிளம்பி அங்கே வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற ஜனங்கள் நிறைய. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போய் வருகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ராத்திரி பாலத்தில் விளக்கெல்லாம் அணைகிறது. திரும்ப எரியும்போது இரண்டு நாட்டு எல்லைக்கோட்டின் மேல், இம்மி பிசகாமல், ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. இடுப்புக்கு மேலே ஸ்வீடன், கீழே டென்மார்க். தூக்கப் போனால்தான் தெரிகிறது, அது ஒரு உடலே இல்லை, இரண்டு பெண்களின் பாதிகள். ஒருத்தி ஸ்வீடனில் பதவியில் இருந்த அரசியல்வாதி, இன்னொருத்தி டென்மார்க்கில் பாலியல் தொழில் செய்தவள். முதல் பெண் செத்ததற்கு எவ்வளவு பரபரப்பு, இரண்டாவது பெண் காணாமல் போனதை எத்தனை பேர் தேடினார்கள்? கொலைகாரன் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். அவன் கொடூரமானவன், ஆனால் கேள்வி நியாயமானது. தொடர் பார்க்கிறவர்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இடம்தான்.

ஸ்வீடன் பக்கத்திலிருந்து வருகிறவள் சாகா நோரேன், சோஃபியா ஹெலின் நடித்திருக்கிறார். டென்மார்க் பக்கத்திலிருந்து மார்ட்டின், நடித்தவர் கிம் போட்னியா. 2011-ல் ஆரம்பித்து 2018-ல் முடித்தார்கள், நான்கு சீசன், மொத்தம் 38 எபிசோடு. முதல் எபிசோடில் ஆட்கள் அதிகம்தான். மூன்றாவது வரை பொறுமையாக இருங்கள், எல்லாரும் ஒரே நூலில் வந்து கோத்துக்கொள்வார்கள்.

என் மாமியாரும் நானும் சேர்ந்து பார்த்தோம். இந்த சாகா ஏன் இப்படி இருக்கிறாள்? ஆபீசில் எல்லார் முன்னாலும் டி-சர்ட் மாற்றுகிறாள், யாருக்கும் நன்றி சொல்வதில்லை, உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸைக்கூடப் பாலத்தில் விடமாட்டேன் என்கிறாள். ‘இவளுக்கு ஈரமே இல்லையா’ என்று மாமியார் எழுந்து போய்விட்டார்.
*வாசகி, கோவிந்தாபுரம்*

அம்மாவைத் திரும்பக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். அந்த ஆம்புலன்ஸ் காட்சியில்தான் முழு சாகாவும் இருக்கிறாள்.

உள்ளே இருப்பவர் இருதய மாற்று சிகிச்சைக்குப் போகிறவர். மனைவி கெஞ்சுகிறாள். சாகாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான், இது கொலை நடந்த இடம், வண்டி ஏறினால் தடயம் போய்விடும். மார்ட்டின் மனசு கேட்காமல் வண்டியை விட்டுவிடுகிறான். உடனே அவள், உன்மேல் புகார் எழுதுவேன் என்று சொல்கிறாள், எழுதவும் செய்கிறாள். கோபமோ பழி வாங்கும் எண்ணமோ அவளிடம் இல்லை, விதியை மீறினால் எழுத வேண்டும், அதனால் எழுதினாள். அன்றே அவனோடு சேர்ந்து வேலையும் பார்க்கிறாள், இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்ற சந்தேகமே அவளுக்கு வருவதில்லை.

அவளுக்கு இருப்பது இன்ன நிலை என்று தொடர் எந்த இடத்திலும் பெயர் வைக்கவில்லை. அது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். பெயர் வைத்திருந்தால் நாம் அந்தப் பெயரைப் பார்த்திருப்போம், இவளைப் பார்த்திருக்க மாட்டோம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்வதை இவள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்கிறாள். மனசு புண்படாமல் இருக்கச் சின்னப் பொய் சொல்லலாம் என்பதை மார்ட்டினைப் பார்த்துப் பழகிக்கொண்டு, பிற்பாடு சக ஊழியர் ஒருவரிடம் முயற்சி செய்து பார்ப்பாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒரு பெண் இருக்கிறாள், கல்யாண வீட்டில் யாராவது ‘எப்படிம்மா இருக்கே’ என்று கேட்டால் உண்மையிலேயே எப்படி இருக்கிறாள் என்று பத்து நிமிடம் சொல்வாள், எல்லாரும் மெல்ல நகர்ந்துவிடுவார்கள். சின்ன வயசில் நானும் நகர்ந்திருக்கிறேன்.

போன் அடித்தால் சாகா எப்போதும் ஒரே மாதிரிதான் எடுப்பாள், பேர் சொல்லி, மால்மோவின் எந்தப் பிரிவு என்று சொல்லி. படுக்கையில் இருந்தாலும் அதே. வேலையைத் தவிர்த்துத் தான் யார் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்காவது சீசனின் கடைசியில் அந்த வாக்கியம் என்ன ஆகிறது என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்.

பெண் டிடெக்டிவ் என்றாலே மனசு உடைந்தவளாகத்தான் காட்ட வேண்டுமா அக்கா? தூக்கம் கிடையாது, குடும்பம் கிடையாது, பிள்ளை செத்திருக்கும் இல்லையென்றால் புருஷன் ஓடியிருப்பான். கெட்டிக்காரியாக இருப்பதற்கு இது தண்டனையா?
*கல்லூரி மாணவி, பாலக்காட்டுச் சித்தூர்*

நல்ல கேள்வி, கோபமும் நியாயம். நானும் பல நாள் இதையே நினைத்திருக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1991-ல் இங்கிலாந்தில் ‘பிரைம் சஸ்பெக்ட்’ வந்தது. ஹெலன் மிரன் நடித்த ஜேன் டெனிசன் ஒரு கொலை விசாரணைக்குத் தலைமை ஏற்கிறாள், கீழே இருக்கிற ஆண்களால் அதை ஜீரணிக்க முடியவில்லை. அவளுடைய தொல்லை முழுக்க ஆபீசுக்குள் இருந்தது. அந்தத் தொடர் விட்டுவிட்டு 2006 வரை வந்தது, கடைசியில் அவள் குடியில் விழுந்து கிடப்பதைப் பார்க்கிறோம், ஆனால் அதற்குள் பதினைந்து வருஷம் அந்த வேலை அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதை நாமும் கூடவே இருந்து பார்த்துவிட்டோம். அதனால் நம்புகிறோம்.

பிறகு வந்த பல தொடர்களில் அந்தப் பதினைந்து வருஷம் இல்லை. முதல் காட்சியிலேயே உடைந்து வருகிறாள். இங்கேதான் நான் ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். அந்தக் காயம் அவள் வேலை செய்யும் விதத்தில் தெரிகிறதா, இல்லை வீட்டுக்குப் போனதும் தலையணையில் முகம் புதைக்க மட்டும் பயன்படுகிறதா? ‘ஹேப்பி வேலி’ 2014-ல் வந்தது. கேத்தரின் அதில் டிடெக்டிவ்கூட இல்லை, யூனிஃபார்ம் போட்ட சார்ஜென்ட். முதல் காட்சியில் ஒரு பையன் தன்மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு லைட்டரோடு நிற்கிறான். அவனிடம் பேச்சுக் கொடுக்க அவள் தன் கதையைச் சொல்கிறாள், வயசு இவ்வளவு, விவாகரத்து ஆனவள், ஹெராயினிலிருந்து மீண்ட தங்கையோடு இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளில் ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று என்னோடு பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான். கடையில் சாமான் பட்டியல் சொல்கிற மாதிரிச் சொல்கிறாள். அவள் துக்கம் முழுவதும் ஒரே மூச்சில் நமக்கு வந்துவிடுகிறது, அதே சமயம் அது அவள் கையில் ஒரு கருவி, எதிரில் நிற்கிறவன் உயிரைப் பிடித்து வைக்கிற கருவி. சாரா லங்காஷர் அதில் நடித்ததை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

சாகாவும் இந்தச் சோதனையில் தேறுகிறாள். தங்கை சின்ன வயசில் தற்கொலை செய்துகொண்டது, அம்மாவோடு உள்ள பகை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும், மூன்றாவது சீசனில் வெடிக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே, குழந்தைக்கு ஆபத்து என்கிற வழக்கு வந்தால் அவள் பிடி வேறு மாதிரி இறுகும். காரணம் தெரியாமலே அதை நாம் கவனித்திருப்போம்.

தேறாத ஒன்றையும் சொல்கிறேன். ‘தி பிரிட்ஜ்’ எழுதிய ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட்டே 2016-ல் இங்கிலாந்துக்காக ‘மார்செல்லா’ எழுதினார். குழந்தையை இழந்த, புருஷன் விட்டுப் போன டிடெக்டிவ், திடீர் திடீரென்று நினைவு அறுந்துபோய் எங்கேயோ விழித்துக்கொள்வாள், கையில் ரத்தம் இருந்தால் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. அன்னா ஃப்ரியல் உயிரைக் கொடுத்து நடிக்கிறார். ஆனால் அந்த மறதி கதைக்கு எங்கே வசதியோ அங்கே மட்டும் வருகிறது. ஒரு மனுஷியின் நோயை முடிச்சுப் போடுவதற்கான கயிறாக ஆக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கோபம் இந்த மாதிரித் தொடர்கள்மேல் என்றால் நான் உங்கள் பக்கம்.

டேனிஷ், ஸ்வீடிஷ் இரண்டும் ஒரே மொழியா? அவர்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசிக்கொள்கிறார்களே.
*வாசகர், வேலந்தாவளம்*

வேறு வேறு மொழி, ஆனால் உறவு. அவள் ஸ்வீடிஷில் கேட்பாள், அவன் டேனிஷில் பதில் சொல்வான். கொஞ்சம் முயற்சி எடுத்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். உங்கள் ஊர் டீக்கடையில் தமிழில் கேட்டு மலையாளத்தில் பதில் வாங்குவது போலத்தான். அதனால்தான் சொல்கிறேன், டப்பிங்கில் பார்க்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே மொழி பேசிவிட்டால் தொடரின் பாதி உயிர் போய்விடும். சப்டைட்டிலோடு பாருங்கள், இரண்டாவது நாளே காது பழகிவிடும்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?
*வாசகி, மீனாட்சிபுரம்*

வேண்டாம். கல்லூரி வயசுக்கு மேல் சரி.

உண்மையிலேயே நம் எல்லையில் இப்படி ஒரு உடல் கிடந்தால் எந்த ஸ்டேஷன் எடுக்கும்? தொடரில் உடனே இரண்டு போலீசும் சேர்ந்துவிடுகிறார்கள், இங்கே அப்படி நடக்குமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வண்ணாமடை*

சட்டம் என்ன சொல்கிறதோ அதை முதலில் சொல்கிறேன் ஐயா. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் வந்த ஸ்டேஷன் பதிந்தாக வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். பதிந்த பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம், ‘எங்கள் ஏரியா இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. சந்தேகச் சாவு என்றால் 194-ஆம் பிரிவு, அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு நேரில் வந்து, அக்கம்பக்கத்தில் மரியாதைப்பட்ட இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு அறிக்கை எழுத வேண்டும். இது பழைய சட்டத்தில் 174-ஆக இருந்தது.

நடக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயசு. எங்கள் வீட்டுக்கு இரண்டு தோப்பு தள்ளி வாய்க்கால் மதகில் ஒருவர் மிதந்தார், தேங்காய் உரிக்க வருகிறவர், எங்களுக்கெல்லாம் தெரிந்தவர். மதகுக்கு மேல்பக்கம் ஒரு மாநிலம், கீழ்பக்கம் இன்னொன்று. காலை ஏழு மணிக்குப் பார்த்தார்கள். ஒரு ஸ்டேஷனிலிருந்து வந்தவர் தண்ணீர் ஓடும் திசையைக் காட்டி, மேலேயிருந்து வந்த உடல் எங்களுடையது இல்லை என்றார். இன்னொரு ஸ்டேஷனிலிருந்து வந்தவர், உடல் நிற்பது எந்தப் பக்கமோ அவர்களுடையது என்றார். டேப் கொண்டுவந்து அளந்தார்கள். அவர் மனைவி கரையில் உட்கார்ந்து, அழக்கூட இல்லை, அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ராத்திரி எப்போது வீட்டைவிட்டுப் போனார் என்றுகூட. என் அம்மா கஞ்சி கொண்டுபோய் வைத்தாள், அது ஆறிப்போய் அப்படியே இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் உடல் கரையேறியது.

1956 நவம்பர் 1-ல் கோடு போட்டார்கள், செங்கோட்டை அந்தப் பக்கம் போனது, தேவிகுளமும் பீர்மேடும் இந்தப் பக்கம் நின்றன, பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூரும் அதோடு நாமும் கேரளத்தில் இருக்கிறோம். ஆளியாறு தண்ணீருக்கு ஒப்பந்தம் போட்டு டிஎம்சி கணக்கில் பங்கு பிரிக்கத் தெரிந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் மிதந்த மனிதரைத்தான் ஒன்பது மணி நேரம் யாருடையவர் என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். ‘தி பிரிட்ஜ்’ முதல் காட்சியைப் பார்த்த அன்று டிவியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இதற்குமேல் எழுத முடியவில்லை ஐயா.

அமெரிக்காவில், இங்கிலாந்தில் எல்லாம் இதே கதையைத் திரும்ப எடுத்தார்களாமே, எது நன்றாக இருக்கும்?
*வாசகர், எருத்தேம்பதி*

2013-ல் இரண்டுமே வந்தன. அமெரிக்கா–மெக்சிகோ எல்லையில் ஒன்று, இங்கிலாந்தையும் பிரான்சையும் சேர்க்கும் கடலடிச் சுரங்கத்தில் ‘தி டன்னல்’ என்று இன்னொன்று. அமெரிக்கத் தொடரில் எல்லையே வேறு பொருள் கொள்கிறது, ஒரு பக்கம் பணம், மறுபக்கம் காணாமல் போன பெண்கள், அதனால் அதற்கென்று ஒரு கனம் உண்டு. ஆனால் முதலில் மூலத்தைப் பாருங்கள்.

நான் எல்லைப் பகுதியில் வேலை பார்க்கும் பெண் போலீஸ். பேர் போடாதீர்கள். இந்த மாதிரித் தொடர்கள் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. போன வருஷம் ஒரு குழந்தை வழக்கில் நின்றேன், அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் சொன்னால் ‘வேறு டியூட்டி மாற்றிக் கேள்’ என்கிறார்கள். சாகாவைப் போல ஒன்றும் தோன்றாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் பல முறை எழுதிக் கிழித்தேன்.

சாகாவுக்கு ஒன்றும் தோன்றாமல் இல்லை. அவளுக்கு எல்லாம் தோன்றுகிறது, வெளியே விட வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அவளை நிற்க வைத்தது இரண்டு பேர். மார்ட்டின் ஒருவன். இன்னொருவர் ஹான்ஸ், அவள் மேலதிகாரி. அந்த மனுஷரை யாரும் பெரிசாகப் பேசுவதில்லை, எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். மற்றவர்கள் அவளைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வார், அவள் புரியாமல் முழிக்கும்போது தனியாகக் கூப்பிட்டு, நேரடியாக, இது இப்படி என்று சொல்வார். அவர் இல்லாமல் போகும் சமயத்தில்தான் அவள் சரியத் தொடங்குகிறாள். பெரிய டிடெக்டிவ், எந்த வழக்கையும் பிளப்பவள், அவளுக்கே ஒரு ஆள் தேவைப்பட்டது.

பெண் போலீஸ் நிலையத்தைக் கோழிக்கோட்டில் 1973-லேயே திறந்தார்கள், சென்னை ஆயிரம் விளக்கில் 1992-ல். ஊரிலுள்ள பெண்களும் குழந்தைகளும் பட்ட அடியெல்லாம் அந்த மேஜைக்கு வந்து சேரும் என்று தெரிந்துதான் திறந்தார்கள். அதைத் தினமும் கேட்கிறவளுக்கு ஒரு மேஜை வேண்டாமா? உங்கள் ஸ்டேஷனில் ஒரு ஹான்ஸ் இருந்தால் போய்ப் பேசுங்கள். இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம் மலையாளத்திலும் பேசலாம். டியூட்டி மாற்றிக் கேட்பதும் தோல்வி இல்லை, ஆனால் அதை நீங்கள் முடிவு செய்யுங்கள், வீட்டில் உள்ளவர்கள் வேண்டாம். ராத்திரியில் தொடர் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், பகலில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அடுத்த மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பிரசுரிக்க மாட்டேன்.

தமிழில் இப்படி ஒரு தொடர் எடுக்க முடியுமா? எடுத்தால் எங்கே எடுப்பீர்கள்?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

முடியும். 2022-ல் வந்த ‘சுழல்’ பார்த்தீர்கள் இல்லையா, அதில் ஸ்ரேயா ரெட்டி நடித்த இன்ஸ்பெக்டர் ரெஜினா வெறும் அலங்காரம் இல்லை, சொந்த வாழ்க்கை வேலைக்குள் வந்து மோதும்போது அவள் தடுமாறுவதை நம்ப முடிந்தது.

எங்கே என்றால் இங்கேதான். தென்னந்தோப்பு, கள்ளு ஷாப்பு, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கிற லாரி, தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால். இந்தப் பக்கத்து எஸ்ஐ ஒரு பெண், அந்தப் பக்கத்து ஏட்டு ஒரு ஆண், ஒருத்தி மலையாளம் பேச, ஒருவர் தமிழ் பேச, நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். அவள் ஏன் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாள் என்று முதல் சீசனில் நான் சொல்லவே மாட்டேன்.

முதல் காட்சி மதகில், விடியற்காலை. தண்ணீரில் ஒரு உடல், இரண்டு ஜீப், கையில் டேப்போடு ஆட்கள். அவள் ஜீப்பை விட்டு இறங்கி, உடலையும் பார்க்காமல், அளக்கிறவர்களையும் பார்க்காமல், கரையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்காருகிறாள். ராத்திரி எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்கிறாள்.